எம்.டி. அறைக் கதவு

ஜகன்னாத் மூச்சு வாங்க வந்து நின்றபோது பெண்கள் கழிப்பறையின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

கதவின் நடுவில் ஒரு பித்தளைத் தகடு பளபளத்தது. அதில் அவர் பெயரும் அதற்குக் கீழே 'நிர்வாக இயக்குநர்' என்ற பதவியும் இருந்தன.

"யார் பார்த்த வேலை இது?"

துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்கிற அந்தத் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரம். பெண்கள் டிபன் பாக்ஸும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்கள். வெல்டர் மணிமேகலை மட்டும் நடந்துபோய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"நான்தான் சார்."

அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்தான் இப்போது எதிரில் நின்றார். ஆனாலும் அவள் நகரவில்லை.

பழைய கதவு மழையில் இற்று விழுந்து பல மாதமாகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு தார்ப்பாய் தொங்கியது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். காற்றடித்தால் காவலுக்கு நிற்பவளுக்கும் சேர்த்து மானம் போகும்.

லால்குடியில் காலை பஸ் ஏறுவதற்கு முன்பே மணிமேகலை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். வெல்டிங் சூட்டில் நாள் முழுக்க நாக்கு வறண்டு கிடக்கும். போன வாரம் நீர்க்கடுப்பில் சுருண்டு படுத்தவளை டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். இப்படியே போனால் கிட்னிதான் போகும் என்றார்.

வேலையா, கிட்னியா? இப்படி யோசிக்கிற நிலைமைக்குத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஜகன்னாத்தைக் கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. ஸ்ரீரங்கத்துக்காரர், யாரையும் மரியாதையாகத்தான் கூப்பிடுவார். தலைமைப் பண்பு பற்றி ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போனவர், திரும்பி வந்த கையோடு தன் அறையின் தேக்குக் கதவைக் கழற்றச் சொன்னார். சொர்க்கவாசல்கூட வருஷத்துக்கு ஒரு முறைதான் திறக்கிறது, இனிமேல் எனக்கும் உங்களுக்கும் நடுவில் கதவே கிடையாது என்று மைக்கைப் பிடித்துப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். மணிமேகலையும்தான்.

அதை நம்பிப் பெண்கள் நேராக அவர் அறைக்கே போய், கழிப்பறைக்கு ஒரு கதவு வேண்டும் என்றார்கள். சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, எதற்கும் ஒரு முறை இருக்கிறது, எச்.ஆர். மூலமாக வாருங்கள் என்றார்.

எச்.ஆர். மேடம் கோதைநாயகி எழுதி மேலே அனுப்பினார். 'அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்' என்று அது கீழே வந்தது. மறுபடி எழுதினார். மறுபடியும் அப்படியே வந்தது.

மேடத்துக்கென்ன, அலுங்காமல் எழுதுவார் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். எம்.டி. அறையை ஒட்டி டைல்ஸ் பதித்த பாத்ரூம் இருக்கிறது, மேடம் அதில்தான் போவார் என்பது அவர்கள் நினைப்பு. மாடியில் உட்கார்ந்திருக்கும் ஒரே பெண் அவர்தான்.

கழற்றிய தேக்குக் கதவோ ஸ்டோரில் யாருக்கும் பயன்படாமல் சாய்ந்து நின்றது. இன்று காலை அது மணிமேகலையின் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். மிச்சம் கிடந்த இரும்பு ஆங்கிள் துண்டுகளில் சட்டம் அடித்து, கீல் வைத்து, உள்ளே தாழ்ப்பாளும் போட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குள் மாட்டிவிட்டாள். அந்தப் பெயர்த் தகட்டைக் கழற்றியிருக்கலாம். ஏனோ மனசு வரவில்லை.

கருவிகளை ஸ்டோரில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் யாரோ உள்ளே போயிருந்தார்கள். தாழ்ப்பாள் விழுந்திருப்பதைத் தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொண்டபோது அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"முதல்ல இதைக் கழட்டு. இப்பவே கழட்டு," என்றார் ஜகன்னாத்.

"உள்ள ஆள் இருக்கு சார்."

"யாரா இருந்தாலும் வெளிய வரச் சொல்லு."

மணிமேகலை கூடி நின்ற பெண்களைப் பார்த்தாள். ஷெர்லின் இருந்தாள், பவுனம்மாள் இருந்தாள், பெயின்ட் பிரிவுப் பெண்களும் இருந்தார்கள். ஒருத்தரும் குறையவில்லை. அப்படியானால் உள்ளே இருப்பது யார் என்று அவளுக்கும் விளங்கவில்லை.

யாராக இருந்தால்தான் என்ன?

"அவங்களா வர்ற வரைக்கும் யாரும் இந்தக் கதவைத் தொடக் கூடாது சார். என்னை வேணும்னா வேலையை விட்டு அனுப்பிக்கங்க."

இதைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை. அதில் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

ஜகன்னாத்தின் முகம் கறுத்தது. மெமோ அடித்து இவளை இந்த நிமிஷமே வெளியே அனுப்ப வேண்டும், கோதைநாயகி எங்கே என்று சத்தம் போட்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

அவர் கூப்பிட்டால் கோதைநாயகி மேடம் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். சாப்பாட்டுக் கையானாலும் சரி, பெருமாள் சேவிக்க வரிசையில் நின்றாலும் சரி. கம்பெனியில் இது தெரியாதவர்கள் கிடையாது.

ஜகன்னாத் எண்ணைத் தொட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

மணிமேகலையின் முதுகுக்குப் பின்னால், தேக்குக் கதவுக்கு அந்தப் பக்கம், போன் மணி அடித்தது.

ஷெர்லின் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜகன்னாத் போனைக் காதிலிருந்து மெல்ல இறக்கினார்.

பிறகு, உள்ளே இருந்தவர் அழைப்பைத் துண்டித்தார்.