எம்.பி. வாய் திறந்த நாள்

இதனால் பல்லடம் வட்டாரப் பெருமக்களுக்குப் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நமது எம்.பி. சென்னகிருஷ்ணன் நாடாளுமன்றத்தில் வாய் திறந்துவிட்டார்.

கண்ணால் கண்டவர் விசைத்தறிக்காரர் நாச்சிமுத்து. நூல் விலை ஏறித் தறிகள் நின்றுபோனதிலிருந்து, தாம் ஓட்டுப் போட்டவர் ஒரு கேள்வியாவது கேட்பாரா என்று டிவி நேரலையில் தினமும் கேள்வி நேரம் பார்த்துவந்தார். மூன்றாண்டு மௌனத்துக்குப் பின் அன்று எம்.பி. எழுந்து, நூல் ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லி அமைச்சரை மடக்கினார்.

நாச்சிமுத்து புதுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவிலிருந்த எம்.பி. வீட்டுக்கு ஓடினார்.

"ஏனுங்கம்மா, ஐயா பேசறாருங்க! டிவியப் போடுங்க!"

"அவரு எங்கீங்க பேசறாரு?" என்றார் எம்.பி.யின் மனைவி வெங்கடம்மாள், டிவியைப் போட்டுக்கொண்டே. "தீவாளிக்கு வந்தவரு இன்னும் டெல்லிக்கே போகலீங்களே. உள்ள தூங்கறாருங்க."

சத்தம் கேட்டு எம்.பி. பனியனோடு வெளியே வந்தார். டிவியில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். விலையைக் குறைக்க ஆவன செய்வதாக அமைச்சர் அவருக்கு உறுதி சொன்னார்.

துண்டை யாருக்குப் போர்த்துவதென்று தெரியாமல் நாச்சிமுத்து நின்றார்.

"என்னையக் கேக்காம எந்திரிச்சுப்போட்டானே!" என்றார் எம்.பி.

மறுநாளே அவர் விமானம் ஏறிப் போய்த் தமது இருக்கையில் உட்கார்ந்தார். அதன்பிறகு அங்கிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. தை மாதம் நாச்சிமுத்து தறிகளை எடைக்குப் போட்டார்.