மகள் கேட்டது

லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் போனை ஸ்டியரிங்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு மகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

சற்று முன்புதான் மனைவி அழைத்திருந்தாள்.

"என்னங்க, அவ ரெண்டு நாளா போனை எடுக்கலை. பக்கத்து வீட்டம்மாவைப் பிடிச்சுக் கேட்டா, 'அழுதுக்கிட்டே இருக்கா, அப்பாகிட்ட கேட்டு எழுதிட்டேன்னு சொல்றா'ங்கறாங்க. என்ன கேட்டா? அந்தச் சந்தைக்கடையைக் கொஞ்சம் திறந்துதான் பாருங்களேன்!"

சந்தைக்கடை என்றது அவருடைய போனை.

அவரும் அழைத்துப் பார்த்தார். மகளின் போன் அணைந்திருந்தது.

கம்பெனிக் குழு, ஓட்டுநர்கள் குழு, குடியிருப்பில் தண்ணீர் வராததற்கு ஒரு குழு. பள்ளிக்கூட நண்பர்கள் குழு. அதில் கோபித்துக்கொண்டு பிரிந்தவர்கள் தனியாக ஆரம்பித்த இன்னொரு குழு. இரண்டிலும் இவர் இருந்தார். யாரைப் பகைத்துக்கொள்வது?

ஒரு வீடியோவில் எங்கோ ஒரு பாலம் இடிந்து விழுந்தது. அதே பாலம் நாலு பேர் அனுப்பி, நாலு ஊர்களில் இடிந்து விழுந்தது.

மகளின் பெயர் கண்ணில் படும். விரலை வைக்கப் போவார். அதற்குள் 'டிங்' என்று ஏதாவது ஒரு குழு மேலே தாவும். வரிசை மொத்தமும் ஒரு படி இறங்கிவிடும். விரல் மச்சானின் பூண்டு வைத்தியத்தில் போய் விழும்.

முழுகின வாளியைத் தேடும்போது கிணறு ஊறிக்கொண்டே போனால் என்ன செய்வது?

கல்யாணமாகிப் போனபிறகு அவள் எதுவும் கேட்டதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மாவிடம் மல்லுக்கு நிற்பாள். அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

'டிங்.'

"அட, சும்மா இருங்கடா!" என்று போனைப் பார்த்துக் கத்தினார். பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒருவழியாக அகப்பட்டுவிட்டாள்.

'அப்பா, அவர் நேத்தும் என்மேல கை நீட்டிட்டார். அம்மாகிட்ட சொல்லாதீங்க, தாங்கமாட்டாங்க. நான் பொறுத்துக்கிட்டு இங்கேயே இருந்துடணுமா? நீங்க சொல்றபடி கேக்கறேன்.'

எழுத்துகள் கலங்கின. 'இப்பவே கிளம்பி வந்துடும்மா' என்று எழுதக் கீழே போனார்.

அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது.

அவர் அனுப்பியது.

எப்போது அனுப்பினோம் என்றே நினைவில்லை. கம்பெனிக் குழுவில் செய்தி போட்டதும் பதிலுக்குக் கட்டைவிரல் காட்டாத ஓட்டுநரை மேலாளர் சும்மா விடமாட்டார். சிக்னலில் நிற்கிற நேரத்தில், வந்தது எல்லாவற்றுக்கும் வரிசையாக ஒன்றைத் தட்டிவிட்டு, பிறகு படித்துக்கொள்ளலாம் என்று கிளம்புவது அவருடைய வழக்கம்.

அந்தப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை.

கட்டைவிரலுக்கும் கீழே, முந்தாநாள் தேதியில், மகளின் பதில் இருந்தது.

'சரிப்பா.'