அம்மா வேஷம்

“கட்! கட்!” என்று டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

அமுதம் இந்தத் தடவையும் காட்சியைக் கெடுத்துவிட்டாள். துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு, “எதுக்குடி வந்தே? வந்த கப்பல்லயே ஏறிப் போ!” என்று கத்த வேண்டும். ஓங்குவதெல்லாம் நன்றாகத்தான் ஓங்குகிறாள். கதாநாயகி பெட்டியோடு கிட்டே வந்ததும் வாயில் வருவது, “சாப்ட்டியா பிள்ள?”

ஹட் பே தீவின் கப்பல்துறை ஜெட்டியே சிரித்தது.

சிரிப்புப் படம்தான். லண்டனில் மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, தன் சொந்தத் தீவு நாட்டுக்கே திரும்பி வந்து கிளினிக் திறக்கிறாள். ஊரில் ஒருவருக்கும் வைத்தியம் வேண்டாம், லண்டனுக்கு விசாதான் வேண்டும். அந்தத் தீவு நாடாக நடிக்கத்தான் ஹட் பேயைப் பிடித்திருந்தார்கள்.

அம்மா வேஷத்துக்குச் சென்னையிலிருந்து வந்த நடிகை, போர்ட் பிளேரிலிருந்து வருகிற கப்பலில் வாந்தியெடுத்தே படுத்துவிட்டார். கூட்டத்தோடு நிற்க வந்த அமுதத்தை டைரக்டர் முன்னால் இழுத்து விட்டார். இந்த அம்மாவுக்கு மூஞ்சியிலேயே சண்டை இருக்கிறதாம்!

அமுதம் சரியென்றது ஜோஸ்லினுக்காக.

அவள் மகள் ஜோஸ்லினும் கனடாவில் இதே மனசு வைத்தியம்தான் பார்க்கிறாள். போன் செய்தால் அப்பா மத்தியாஸோடு பேசுவாள், அம்மாவைக் கூப்பிடச் சொல்ல மாட்டாள். அமுதம் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டாமல் நின்று, குரலை மட்டும் கேட்டுக்கொள்வாள். கனடாவில் தமிழ்ப் படமெல்லாம் ஓடுகிறதாம். திரையில் அவ்வளவு பெரிதாக அம்மா முகத்தைப் பார்த்தால், கல்நெஞ்சா என்ன, ஒரு தடவையாவது வந்துவிட்டுப் போக மாட்டாளா?

கதாநாயகி மறுபடியும் கப்பல் படியில் ஏறி நின்றாள். உப்புக்காற்றில் தலைமுடி முகமெல்லாம் அப்பிக் கிடந்தது.

ஐயோ, போர்ட் பிளேர் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போது ஜோஸ்லின் இப்படித்தான் இருப்பாள். ராத்திரியெல்லாம் கப்பலில் புரண்டு, முகம் வெளிறி, பெட்டியை அப்பாவிடம் தள்ளிவிட்டு, “அம்மா, பசிக்குது” என்று மேலே வந்து விழுவாள். பாமாயில் தோட்டத்து லாரியில் இடம் பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் ஹாஸ்டல் கதை பாதி முடிந்திருக்கும். சூரை மீனைப் பொரித்து வைத்தால், சட்டியில் ஒட்டியிருக்கும் மசாலாவைக்கூடச் சுரண்டித் தின்பாள். என்ன பிள்ளை அது!

“ஆக்‌ஷன்!”

“சாப்ட்டியா பிள்ள?”

“அரே அமுதம், ஒரே லைன்தானே, போல் தோ நா, சொல்லிடேன்!” என்று கூட்டத்திலிருந்து பக்கத்து வீட்டு விஜயகுமாரி கத்தினாள். மறுபடியும் ஒரே சிரிப்பு. மத்தியாஸ் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். “விடுங்கம்மா. நீங்க வாயை மட்டும் அசைங்க. மெட்ராஸ்ல வேற குரல்ல அந்த வசனத்தைப் போட்டுக்கறோம்.”

அமுதத்துக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முகம் அவளுடையதாக இருக்கும். வாயிலிருந்து அந்த வசனம் வரும். கனடாவில் உட்கார்ந்து ஜோஸ்லின் அதைத்தான் கேட்பாள்.

“எனக்கு இந்த வேஷம் வேண்டாம்” என்றாள்.

துடைப்பத்தை விஜயகுமாரியிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மத்தியாஸ் பக்கத்தில் நின்றாள். மகள் தன் முகத்தைப் பார்க்க இருந்த ஒரு வழியும் போயிற்று.

விஜயகுமாரி வசனத்தைப் பிசகாமல் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மறுபடி சொன்னாள், கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. டைரக்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

“பெத்தவ நெஜமாவே விரட்டுற மாதிரி இருக்கணும்! இந்த ஊர்ல அப்படிச் சொல்ல ஒரு பொம்பளைகூடவா இல்லை?”

மத்தியாஸ் கடலிலிருந்து கண்ணை எடுத்து அமுதத்தைப் பார்த்தார். அமுதம் கப்பல் படியைப் பார்த்தாள்.

ஜோஸ்லின் ஒரு பெங்காலிப் பையனைக் கைபிடித்து இதே ஜெட்டியில் இறங்கி வந்த அன்று, அமுதத்துக்கு யாரும் வசனம் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே தடவையில் சொன்னாள்.