ஏழு ஓட்டைக் குடம்

டீச்சர் ஜன்னல்களில் சாக்குப் படுதாவை மாட்டி வகுப்பை இருட்டாக்கியதும் மாயக்காளுக்குக் கண் சொக்கியது.

விடியுமுன்னே மல்லிகைக் காட்டில் இறங்கியவள். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு குனிந்தால், பூ மூட்டை வத்தலக்குண்டு பஸ் ஏறும்வரை நிமிர வழியில்லை. அப்புறம் கிட்டங்கியில் வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை. இன்றைக்கு அதை மட்டும் விட்டுவிட்டு, மற்ற அம்மாக்களோடு சுவரோரம் குத்தவைத்திருந்தாள்.

வராமல் இருக்க முடியாது.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவள் மகள் பானுப்ரியா வாயையே திறந்ததில்லை. வீட்டில் பேசுகிற பிள்ளை, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால்கூட கையை மட்டும்தான் தூக்கும்.

“இன்னைக்கு உங்க மக பேசுறேன்னு தலையாட்டியிருக்காக்கா. இத விட்டா இனி எப்பன்னு தெரியல. வந்துருங்க” என்று புவனேஸ்வரி டீச்சர் காலையில் போனிலேயே சொல்லிவிட்டார்.

என்ன பேசப்போகிறாள் என்று மாயக்காள் கேட்டுக்கொள்ளவில்லை. பூ பறித்த அலுப்பில், கேட்பதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

இங்கே வந்துதான் விவரம் தெரிந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு பழைய சாமான் கொண்டுவந்து, வானத்து மீன்கள் நிற்கிற மாதிரியே அதில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். உள்ளே டார்ச்சை வைத்தால் சுவரில் வானம் விழுகிறது.

முகேஷ்குமாரின் பவுடர் டப்பாவிலிருந்து கார்த்திகை மீன்கள் கொத்தாக விழுந்தன. ஷப்னத்தின் செருப்புப் பெட்டியிலிருந்து ஒரு தேள் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. “ஐயோ, கொட்டிரும்டா!” என்று பின்னால் ஒருவன் காலை மடக்கிக்கொண்டான். அம்மாக்கள் சிரித்தார்கள்.

மாயக்காள் பாதி பார்த்தாள். பாதி தூங்கினாள்.

“அடுத்து நம்ம பானு.”

கறுப்புப் பிளாஸ்டிக் குடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பானு முன்னால் வந்தாள்.

“இவ சாக்பீஸால புள்ளி வச்சா, நான் ஊசியச் சுட்டுக் குத்திக் கொடுத்தேன். ஏழு மீனு. சப்தரிஷி மண்டலம். வீட்டுல காட்டுறதுக்குன்னு நேத்துக் கொடுத்துவிட்டேன்” என்றார் டீச்சர்.

மாயக்காளுக்குத் தூக்கம் போய்விட்டது.

அது அவள் வீட்டுக் குடம். நேற்றுச் சாயங்காலம், வெகுநாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தபோது, ஏழு இடத்தில் பீய்ச்சிய குடம். எலி வேலை என்று நினைத்தாள். ஓட்டைக் குடத்தைக் கண்டால் அடைப்பதைத் தவிர அவளுக்கு வேறென்ன தெரியும்? உடைந்த பிளாஸ்டிக் மக்கின் துண்டுகளைச் சுட்ட கரண்டியில் இளக்கி, ஏழையும் பொட்டுப் பொட்டாக வைத்து அமுக்கிவிட்டாள். கட்டைவிரல் கொப்புளம் இன்னும் அடங்கவில்லை.

எழுந்து போய்த் தடுக்கலாமென்றால் கால் மரத்துக் கிடந்தது.

பானு குடத்துக்குள் டார்ச்சை இறக்கி, அதன் வாயைத் துணியால் மூடினாள்.

சுவரில் ஒன்றும் விழவில்லை.

“ஏலே, பானு வானத்துல கரண்டு இல்லடா!”

வகுப்பே சிரித்தது. டீச்சர் குனிந்து குடத்தைத் தடவினார். விரல் ஒவ்வொரு பொட்டிலும் நின்று நின்று போனது.

முடிந்தது, இனி இந்தப் பிள்ளை சாகிறவரைக்கும் வாயைத் திறக்காது என்று மாயக்காள் நினைத்தாள். நான்தான் அடைத்தேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

பானு குடத்தைக் கீழே வைக்கவில்லை.

“மேகம் மூடியிருக்கு, டீச்சர்.”

அந்தக் குரலை வகுப்பு அன்றுதான் கேட்டது. சிரிப்பு அடங்கிவிட்டது.

“அதுக்குப் பின்னாடி ஏழும் இருக்கு. நாலு, கட்டில் கால் மாதிரி. மூணு, வாலு மாதிரி.”

டீச்சர் பொட்டிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, “அப்ப மழை வருமாடா பானு?” என்றார்.

“வரும்.”

“வந்துரும், வந்துரும்!” என்று பிள்ளைகள் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

“ஏழையும் நீ பாத்தியா?”

“நேத்து எங்க வீட்டுச் செவுத்துல பாத்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, “எங்கம்மாவும் பாத்துச்சு” என்றாள்.

எல்லாத் தலையும் சுவரோரம் திரும்பியது. பானு மட்டும் திரும்பவில்லை. குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாயக்காள், ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

நேற்று கரண்டு போயிருந்தது. ஓட்டை எங்கெங்கே என்று தெரிவதற்காக, பூப்பறிக்கிற நெற்றி லைட்டைக் குடத்துக்குள் விட்டு, குடத்தின் வாயைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தது பானுதான்.

“யம்மா, திரும்பிச் செவுத்தப் பாரேன்.”

“ஆட்டாமப் புடிடி.”

பிள்ளை ஆட்டாமல் பிடித்தாள். மாயக்காள் வெளிச்சம் வந்த இடத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து அடைத்தாள்.

ஏழாவதையும் அடைத்தபோது வீடு இருட்டாகிப் போனது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.