விலக்கியதற்கான காரணம்

ஸ்ரீகுமாரி டீச்சர் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று சுமியுடையது. மற்றது ஜெனிலுடையது.

"ஆரு ஆருக்க பேப்பரைப் பாத்து எழுதினது?"

சுமியும் ஜெனிலும் மேசைக்கு எதிரே நின்றார்கள்.

ஆய்வுப் பயிற்சியின் விதி எளியது. கடலோரக் குடும்பங்களின் உடல்நலம் பற்றிய கட்டுரைகளை இருவரும் சேர்ந்து தேடலாம். தேடியதில் முப்பது கிடைத்தன. அவற்றிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும் தனித்தனியாக. பேசக் கூடாது. தாளைக் காட்டக் கூடாது. விலக்கிய ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கான காரணத்தை எழுத வேண்டும்.

ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேர் ஒரே முடிவுக்கு வந்தால் அந்த முடிவை நம்பலாம். வகுப்பில் டீச்சர்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

இரண்டு தாள்களும் பல இடங்களில் வேறுபட்டன. சுமி எடுத்தவற்றில் பாதியை ஜெனில் எடுக்கவில்லை. பதினேழாவது கட்டுரையில் மட்டும் இருவருக்கும் ஒரே காரணம். 'முழுக்கட்டுரை கிடைக்கவில்லை.'

வேறு எந்தக் கட்டுரைக்கும் இருவரும் அதை எழுதியிருக்கவில்லை.

"கிடைக்காதது ஒண்ணே ஒண்ணு. அதுவும் ரெண்டு பேருக்கும்." டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "கொள்ளாம். பாத்து எழுதினவருக்கு இன்டர்னல் மார்க் கிடையாது. சொல்லல்லன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது."

இன்டர்னல் இல்லாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. பரீட்சை போனால் ஒரு வருடம் போகும். கடலுக்குப் போய்ச் சுமியைப் படிக்க வைக்கும் வீட்டில் இன்னொரு வருடத்துக்கு இடமில்லை.

பதினேழாவதைச் சுமி இரண்டு முறை படித்திருந்தாள். முழுதாக. அது கிடைக்காமல் இல்லை. உண்மையான காரணத்தைத் தாளில் எழுத முடியாது என்பதால் ஒரு பொய்யை எழுதியிருந்தாள்.

அவள் பொய் அவனுடைய தாளில் எப்படி வரும்?

பார்த்தால்தான் வரும்.

அன்று நூலகத்தில் அம்மாவின் போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். பைக்கு அடியில் வைத்த தாள் ஒரு விரல் அளவு வெளியே நீண்டிருந்தது. பின்மேசையில் ஜெனில் மட்டும் இருந்தான். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மின்விசிறியில் பார்க்க என்ன இருக்கிறது?

சற்று முன் வராந்தாவில் நிற்கும்போது அவனே தொடங்கினான்.

"நான் ஒனக்க பேப்பரைப் பாக்கல்ல, கேட்டியா. நீ எனக்கதைப் பாத்தியா?"

"எலே, திருப்பி எனக்க மேலயே போடுதியா?"

அதற்குள் டீச்சர் உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

இப்போது அவன் பெயரைச் சொன்னால் போதும். சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் அதற்கு முன் கணினியில் பதினேழாவதின் தலைப்பை அடித்தார். பக்கம் திறந்தது. திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இந்தா. ஒரு நிமிஷம் ஆச்சா? கிடைக்குதா, இல்லியா?"

தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். ஸ்ரீகுமாரி.

"எனக்க கட்டுரைங்கியதுனால சொல்லல்ல," என்றார் டீச்சர். "முப்பதுலயும் நல்ல கட்டுரை இதாக்கும். வேண்டாம்னா வேண்டாம்னு நேரா எழுதணும்."

சுமி ஜெனிலைப் பார்த்தாள். சொல்வதற்கு முன் அவன் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது.

அவன் டீச்சரின் பெயரைப் பார்க்கவில்லை. அவன் கண் திரையில் கீழே இறங்கி, ஒரு வரியில் நின்றது.

பூவாருக்குப் பக்கத்தில், சுமியின் ஊர்க் கரையில் எடுத்த கணக்கெடுப்பு. மீனவர்கள் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிறுதோறும் காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை வீடு வீடாகச் சென்று, குடும்பத்தில் எல்லாரிடமும் கேட்டு எழுதியது. இருநூறு வீடுகள். ஒரு வீடுகூடப் பூட்டியிருக்கவில்லை.

இரண்டு முறை படித்தபோதும் சுமி நின்றது அந்த வரியில்தான்.

ஜெனில் பாறசாலைப் பக்கம், கிறிஸ்தவச் சபை ஊழியர் வீட்டுப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கரையில் யார் எங்கே இருப்பார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

பைக்கு அடியிலிருந்து தாள் எப்படி நீண்டது என்று அவளுக்கு இன்னமும் தெரியவில்லை.

"ஜெனில்தானே?" என்றார் டீச்சர், அவளைப் பார்த்து. குரல் இளகியிருந்தது. தலையாட்டினால் முடிந்துவிடும்.

"இல்ல டீச்சர்."

"பின்னே?"

சுமி திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர் வந்தப்போ எங்க வீட்டுல ஆரு கதவு தொறந்தது? ஞாயிறு காலத்த எங்க கரையில எல்லாரும் சர்ச்சுல பூசையிலாக்கும். வீட்டுல பூனை மட்டும்தான் உண்டு."

ஜெனில் மின்விசிறியைப் பார்த்தான்.

டீச்சர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். திரையைத் தன் பக்கம் திருப்பினார். தன் வரியைப் படித்தார். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

பிறகு அந்தப் பக்கத்தை மூடினார். தாள்களை அருகில் இழுத்துச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

பதினேழாவதுக்கு எதிரே, 'முழுக்கட்டுரை கிடைக்கவில்லை' என்று இருந்த இடத்தில், இரண்டு தாளிலும் சரி போட்டார்.