ஓடை வழியாக ஒரு சுற்று

"அந்தப் பக்கம் வேணாங்க. இப்படி ஓடை வழியா போகலாம்."

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அவன் அவசர அவசரமாகக் கையைக் காட்டினான். நகரத்திலிருந்து வந்தவள் அவனையும் பார்த்தாள், அவன் வேண்டாம் என்ற பாதையையும் பார்த்தாள். அது நேராக, அகலமாக, சுத்தமாக இருந்தது. ஓடை வழியோ முள்ளும் சேறுமாகக் கிடந்தது. ஆடுகூட யோசித்துத்தான் அதில் கால் வைக்கும்.

"இதுதான் நல்ல வழியா?"

"பார்க்க அழகா இருக்கும்" என்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது இரண்டும் சிவந்துவிட்டன.

வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "ஊரைச் சுத்திக் காட்டிட்டு வாப்பா" என்று அவனுடைய அப்பாதான் இருவரையும் அனுப்பிவைத்தார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. இவள் சரி என்றால் எல்லாம் சரி. உதட்டைப் பிதுக்கினால் பேச்சு அத்தோடு முடிந்தது. நாலைந்து மாதமாகத்தான் அந்த வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அது நிலைக்க வேண்டுமே என்பதுதான் அவன் கவலை. ஆயிரக்கணக்கான கோழிகளைச் சமாளிக்கிறவனுக்கு, இந்த ஒருத்தியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஓடையைக் கடக்க ஒரு பலகை போட்டிருந்தது. அவள் உடனே ஏறிவிடவில்லை. ஒரு காலை வைத்து அழுத்தினாள், ஆட்டிப் பார்த்தாள்.

"மழைக்காலத்துல இது வழுக்காதா?"

"கொஞ்சம் வழுக்கும்."

"பிடிச்சுக்க ஒரு கம்பிகூட இல்லையே."

"நாளைக்கே வச்சிடறேன்."

"நாளைக்கேவா?"

"நீங்க சொன்னா இன்னிக்குக்கூட."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அக்கரையில் வரிசையாக இளமரங்கள் நின்றன. ஒவ்வொன்றுக்கும் முள்வேலி கட்டி, வேரைச் சுற்றி ஈரம் காயாமல் சருகு பரப்பியிருந்தது.

"இதெல்லாம் யார் வச்சது?"

"எங்கப்பா. தண்ணியும் அவர்தான் ஊத்துவார். வேற யாரையும் கிட்ட விடமாட்டார்."

அவள் அந்த மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மேடு ஏறும்போது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு அக்கா இருவரையும் மேலும் கீழும் அளந்தாள்.

"என்னப்பா, ஜோடியா கிளம்பிட்டே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சும்மா இருங்கக்கா. விருந்தாளி."

"ம்... நடக்கட்டும், நடக்கட்டும்."

பேச்சு முடிவாகும்வரை ஊரில் மூச்சு விடக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. அவன் நடையை எட்டிப் போட்டான்.

மேட்டின் உச்சியில் நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். வெயில் தணிந்திருந்தது. அறுத்து முடித்த வயல்களில் கொக்குகள் அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தன. அவள் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு கேள்விகளை ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பஸ் தினமும் வருமா? கரண்ட் போனால் எப்போது வரும்? அவன் வாத்தியார் முன்னால் நிற்கும் பையனைப் போல எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

"தையல் வேலைய விடச் சொல்வீங்களா?"

"ஐயோ, இல்லைங்க! மெஷின் போடறதுக்குன்னே ஜன்னலோர அறைய ஒழிச்சு வச்சிருக்கோம்."

"இங்க வந்து, தனியாப் போயிட்டோமேன்னு உக்காந்து அழற மாதிரி ஆயிடாதே?"

"நான் இருக்கேன்ல. அழ விடமாட்டேங்க."

சொன்ன பிறகுதான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றியது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறியது. கீழே அந்த நேர்பாதை ஓரமாக இருந்த கோழிப்பண்ணையின் வாடை குப்பென்று ஏறி வந்தது. காலையிலேயே ஒரு பிடி மண்ணைத் தூவி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுத்தவன் அவன். அத்தனையும் பாழ்.

அவள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள். "ஓ, இதுக்குத்தான் ஓடை வழியா?"

"ஆமாங்க" என்றான் தலையைக் குனிந்தபடி. "நம்ம பண்ணைதான். காத்து இப்படித் திரும்பினா வீடு வரைக்கும் வாடை வரும். மறைச்சது தப்புதான்."

"வேற என்ன மறைச்சீங்க?"

"பஸ் தினமும் வராது."

"அப்புறம்?"

"பக்கத்து வீட்டுக்காரர் விடற குறட்டை நம்ம கூடத்துல கேக்கும்."

அவள் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, காலையிலிருந்து அந்த முகத்தில் இருந்த இறுக்கம் காணாமல் போயிருந்தது.

"கேட்டதும் எல்லாத்தையும் கொட்டிட்டீங்க. மறைக்கத் தெரியாத வீடு. எனக்கு அது போதும். எனக்குச் சம்மதம்."

அவன் சட்டென்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "நிஜமாவா?" என்று கேட்டான்.

"நிஜமாத்தான். சீக்கிரம் வாங்கண்ணா" என்று எழுந்தாள் அவள். "நாம ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் அவங்க கல்யாணம் நடக்கும்னு, உங்கப்பாவும் எங்கம்மாவும் ஊத்தின டீயைக்கூடக் குடிக்காம உக்காந்திருப்பாங்க."