எட்டு மணிப் பாடம்

மலைச்சரிவிலுள்ள பல்கலைக்கழகத்தின் கூட்ட அறையில், புதிய ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு மேசை நிறைய விரிந்து கிடக்கிறது. விரிவுரையாளர் றம்லத்தின் விரல் பன்னிரண்டாம் பக்கத்தை விட்டு நகரவில்லை. முதலாம் வருடத்திலேயே பலர் படிப்பைக் கைவிடுவதற்குக் காரணமாக அங்கே இருப்பது ஒரே சொல்: ஆர்வமின்மை. யன்னலுக்கு வெளியே பனி விலகி, வெயில் புல்லில் இறங்குகிறது. சுவர்க்கடிகாரத்தில் எட்டு இருபத்தைந்து. கீழே கேற்றடியில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து வரும் முதல் பஸ் இரைந்தபடி வந்து நிற்கிறது. தேயிலைத் தோட்டத்து மழையில் நனைந்த குடைகளோடு ஏழெட்டுப் பிள்ளைகள் குதித்திறங்கி, எட்டு மணிக்கே தொடங்கிவிட்ட பாடத்துக்காக ஏற்றத்தில் ஓடுகிறார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறாள். “ஆர்வமில்லாத புள்ளைகள் ஓடுற ஓட்டத்தக் கொஞ்சம் பாருங்க சேர்,” என்கிறாள் றம்லத். மேசைக்கு எதிரே இருக்கும் பீடத் தலைவர், யாழ்ப்பாணத்துக்காரரான பீடாதிபதி, யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். “ஒரு பஸ்ஸுக்காக முழுப் பாட நேரசூசியையும் மாத்தச் சொல்லுறீரோ?” “பஸ்ஸ மாத்த எங்களால ஏலாது சேர். மணிய மாத்த ஏலும்.” அவள் ‘ஆர்வமின்மை’யின் குறுக்கே கோடிழுத்து, பக்கத்தில் ‘எட்டு மணிப் பாடம்’ என்று எழுதுகிறாள். பிறகு பேனையை மூடாமலே அவர் பக்கம் நகர்த்துகிறாள்.